சிலம்பு தேடினால் ஈயம்

மலேசியாவில் மலைமேல் இருக்கும் எங்கள் கம்போங் ராஜாவில் கடல் கிடையாது. கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே முட்டைக்கோஸ் லோரிகள், பிளாஸ்டிக் கூடாரங்கள், புளூ வேலித் தோட்டப் பக்கத்துச் சரிவுகள், மத்தியானமே வந்து உட்கார்ந்துகொள்ளும் பனி. இங்கே ஏதாவது மூழ்கியது என்றால் அடைமழையில் மண் சரிந்து யாருடைய வேனோ சேற்றுக்குள் போயிருக்கும். இப்படி ஒரு ஊர்க்காரன் கப்பல் உடைந்த கதை சொல்ல வந்தால், “உனக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். சம்பந்தம் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் பிறகு உடைப்போம். முதலில் பூம்புகார்.

பூம்புகாரைக் கடல் கொண்டது என்று தமிழ்ப் பள்ளிக்குப் போன எல்லாருக்கும் தெரியும். ஏன் கொண்டது என்று கேட்டால் பாதிப் பேர் கண்ணகி சாபம் என்பார்கள். பாவம், அவள் எரித்தது மதுரையை. மணிமேகலைக் காப்பியம் சொல்லும் காரணம் வேறு. சோழன் நெடுமுடிக்கிள்ளி கடற்கரைச் சோலை ஒன்றில் பீலிவளை என்ற நாகநாட்டு இளவரசியைப் பார்த்தான். ஒரு மாதம் கூட இருந்தாள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டாள். ராஜா ஊரெல்லாம் தேடுகிறான், ஆள் கிடைக்கவில்லை. நாகநாட்டில் அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மணிபல்லவத் தீவுக்கு வந்தவள், அங்கே நின்றிருந்த கப்பலின் முதலாளி கம்பளச் செட்டியிடம், இவன் அப்பனிடம் சேர்த்துவிடும் என்று கொடுத்தனுப்பினாள். செட்டியும் சோழநாட்டு வாரிசு என்று பயபக்தியோடு வாங்கிக்கொண்டார். அன்று ராத்திரியே கரையை நெருங்கும்போது கப்பல் உடைந்தது.

தப்பிப் பிழைத்தவர்கள் நீந்தி வந்து அரண்மனையில் விஷயத்தைச் சொன்னார்கள். பிள்ளையைக் கண்ணால்கூடப் பார்த்திராத அப்பன் கடலிலும் கரையிலும் தேடிப் புலம்பியதில், இருபத்தெட்டு நாள் நடக்க வேண்டிய இந்திர விழாவை மறந்துவிட்டான். மணிமேகலா தெய்வத்துக்குக் கோபம் வந்தது. “ஊரைக் கடல் கொள்ளட்டும்.” முடிந்தது காவிரிப்பூம்பட்டினம்.

இந்தத் தெய்வத்துக்கு என்ன வேலை என்று பாருங்கள். நடுக்கடலில் கப்பல் உடைந்து தத்தளிக்கும் நல்லவர்களைக் கரை சேர்ப்பதுதான் அதன் பொறுப்பு. கோவலனின் முன்னோர் ஒருவரை அப்படிக் காப்பாற்றியதால்தான் மாதவி மகளுக்கே அந்தப் பெயர். அந்த ராத்திரி அது டூட்டியில் இருந்திருந்தால் பிள்ளை கரை சேர்ந்திருக்கும், அப்பன் புலம்பியிருக்க மாட்டான், விழா நடந்திருக்கும், ஊர் தப்பியிருக்கும். வேலைக்கு வராதவரே விசாரணையும் நடத்தித் தீர்ப்பும் எழுதினால் இப்படித்தான் ஆகும். எங்கள் தோட்டத்தில் இதை ஒரு யூனியன் கூட்டத்தில் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

ஆக, பூம்புகார் மூழ்கியதே ஒரு கப்பல் மூழ்கியதால். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்தைந்நூறு வருஷம் போல யாரும் தேடவில்லை. 1960களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை வந்து கரையில் தோண்டியது. கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை கிடைத்தது. படகைக் கட்டுவதற்கு நட்ட மரத்தூண்கூட இருந்தது. கரிமக் கணக்கு கி.மு. மூன்றாம் நூற்றாண்டு வரை போனது. பல்லவனேசுவரத்தில் புத்த விகாரம் வந்தது. நகரத்தின் ஒரு பகுதி கடலுக்குப் போகாமல், யாருக்கும் தொந்தரவில்லாமல், வயலுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. ஆனால் வயலுக்கு அடியில் கிடைப்பதில் நமக்கு என்ன சுவாரஸ்யம்? கடலுக்கு அடியில் வேண்டும். 1964இல் கலைஞர் வசனத்தில் ‘பூம்புகார்’ படம் வந்தது. 1973இல் அவரே கரையில் ஏழு நிலை மாடம் வைத்துச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் கட்டினார். பழைய நகரத்தைக் கண்டுபிடிக்க நேரமாகும் என்றால் புதிதாக ஒன்று கட்டிவிடலாமே. அதுவும் ஒரு தொல்லியல் முறை.

1981இல் கோவாவின் தோனா பாவ்லாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனத்தில் கடல் தொல்லியலுக்கென்று ஒரு பிரிவு தொடங்கியது. தலைமை எஸ். ஆர். ராவ். லோதலைத் தோண்டிய கை அவருடையது. பிறகு துவாரகையில் இறங்கிக் கிருஷ்ணனின் ஊரைத் தேடினார். கிருஷ்ணன் ஊரைத் தேடியவரைக் கண்ணகி ஊரைத் தேடச் சொல்லாமல் தமிழன் விடுவானா? தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் சேர்ந்துகொள்ள, பூம்புகார்க் கடலில் சோனார் ஓடியது, ஆட்கள் மூழ்கினார்கள். காவிரி காலகாலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கீழே கலங்கிக் கிடக்கிறது. மேலே எவ்வளவு வெயில் அடித்தாலும் அடியில் தடவித்தான் பார்க்க வேண்டும்.

1991இல், கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாடம் போல வளைந்த ஓர் உருவம் தென்பட்டது. மனிதன் கட்டியதா, கடல் கட்டியதா என்று நிபுணர்கள் அளந்து அளந்து பேசிக்கொண்டிருந்தபோது, 2001இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் கிரகாம் ஹான்காக் வந்து குதித்தார். தொலைந்துபோன நாகரிகங்களைத் தேடிப்பிடிப்பதுதான் அவருக்குத் தொழில். கடைசிப் பனியுகம் உருகிக் கடல் ஏறிய காலக் கணக்கைப் போட்டு, இது பதினோராயிரம் வருஷத்துக்கு மேல் பழையதாக இருக்கலாம் என்றார். நம் ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்? நேற்று வரை இரண்டாயிரம் வருஷப் பெருமையோடு அடக்கமாக இருந்தவர்கள், மறுநாள் மெசபொத்தேமியாவைப் பக்கத்து வீட்டுச் சின்னப்பையன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இங்கே மலேசியாவில் ஒட்டுக்கடைக்கு ஒட்டுக்கடை இந்தச் செய்தி சுற்றியது. தே தாரிக் ஆறுவதற்குள் தமிழன் பனியுகத்தையே ஆண்டுவிட்டான்.

இந்தத் தேடலின் நடுவில், யாரும் கூப்பிடாமலே ஒன்று கைக்கு வந்தது. சுமார் 20 மீட்டர் ஆழத்தில், வண்டலில் பாதி புதைந்து, ஓர் உடைந்த கப்பல்.

அந்த முதல் நிமிஷத்தைக் கற்பனை செய்து பார்க்கிறேன். பூம்புகார்க் கடலில் மூழ்கிய கப்பல்! கம்பளச் செட்டியேதானா? தொட்டிலோடு வந்துவிட்டாரா? கீழே போனவர்கள் கையில் தட்டுப்பட்டது கட்டி கட்டியாக உலோகம். தங்கமா என்றால் இல்லை. வெள்ளியும் இல்லை. ஈயம். ஓர் ஆள் கனம் இருக்கும் ஈயப் பாளங்கள். மேலே கொண்டுவந்து ஒட்டியிருந்ததைச் சுரண்டினால் எழுத்து தெரிகிறது. தமிழியா? ஆங்கிலம். ‘டபிள்யூ: பிளாக்கெட்’. பக்கத்தில் வருஷம். சிலவற்றில் 1791, சிலவற்றில் 1792.

கரிகாலன் துறைமுகத்தைத் தேடி மூழ்கியவர்கள், கார்ன்வாலிஸ் பிரபு காலத்துச் சரக்கோடு மேலே வந்தார்கள். நகரம் கிடைக்கவில்லை என்று வருத்தப்படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடலில் தேடி, தேதியும் பெயரும் போட்ட பொருள் கையில் கிடைப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை! காவிரிப்பூம்பட்டினத்தார் ஒரு செங்கல்லிலாவது வருஷம் போட்டிருந்தால் நமக்கு இவ்வளவு சண்டை இருந்திருக்காது. வெள்ளைக்காரன் ஈயத்தில்கூடக் கணக்கு எழுதி வைத்தான்.

ஆனால் அவன் எழுதிய கணக்கிலும் ஒரு வில்லங்கம் உண்டு. இந்த பிளாக்கெட் யார்?

இங்கிலாந்தின் வட கோடியில் நியூகாசில். அதற்கு மேற்கே ஆலன்டேல், வியர்டேல் மலைகள். எங்கள் மலையைப் போலவே மழை, பனி, அட்டை மட்டும் இல்லை. அந்த மலைகளுக்குள் ஈயச் சுரங்கங்கள். முதலாளி பிளாக்கெட் குடும்பம். அப்பன், மகன், பேரன் மூவருக்கும் பெயர் வில்லியம். பெயர் வைப்பதில் இவ்வளவு சோம்பேறிகளாக இருந்தாலும் பணம் சேர்ப்பதில் சோம்பல் இல்லை. மூன்றாவது வில்லியம் 1728இல் போய்ச் சேர்ந்தார். முறையான வாரிசு கிடையாது. முறையில்லாத மகள் ஒருத்தி உண்டு, எலிசபெத் ஆர்ட். அவளுக்கு எல்லாச் சொத்தும் எழுதி வைத்துவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டார். வால்ட்டர் கால்வெர்லியைத்தான் அவள் கட்ட வேண்டும். கட்டுகிறவன் தன் குடும்பப் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு பிளாக்கெட் ஆக வேண்டும். வால்ட்டர் யார்? வில்லியத்தின் அக்கா தங்கைகளில் ஒருத்தி மகன். சாட்சாத் அத்தை மகன்! நம்ம ஊர் முறைதான். சொத்து வெளியே போகக் கூடாது என்றால் உலகம் முழுக்க மனிதனுக்கு ஒரே மூளைதான் வேலை செய்கிறது.

வால்ட்டர் பிளாக்கெட் 1777இல் இறந்தார். அவருக்கும் சொத்தை ஆள வாரிசு இல்லை. வில்லியத்தின் இன்னொரு சகோதரி மகன் தாமஸ் வென்ட்வொர்த் வந்தார். அவரும் பெயரை மாற்றிக்கொண்டு பிளாக்கெட் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஆனால் டயானா என்றொரு மகள் உண்டு. 1792இல் தாமஸ் கண்ணை மூட, சுரங்கமெல்லாம் டயானாவுக்கும் அவள் கணவர் கர்னல் போமான்ட்டுக்கும் போனது.

இப்போது கணக்குப் போடுங்கள். ஈயத்தில் 1791, 1792 என்று தேதி. அப்போது உயிரோடு இருந்த முதலாளி தாமஸ். பெயரோ டபிள்யூ. வில்லியம் என்று வைத்தால் செத்து அறுபத்துச் சொச்சம் வருஷம். வால்ட்டர் என்று வைத்தாலும் பதினைந்து வருஷம் ஆகப் போகிறது. செத்தவர் பெயரில் சரக்கு ஓடிக்கொண்டிருக்கிறது! காரணம் ஒன்றும் பெரிய மர்மமில்லை. சந்தையில் அந்த முத்திரைக்கு நல்ல பெயர், வாங்குகிறவன் அதைப் பார்த்துத்தான் வாங்குவான், புது முதலாளி அதைத் தொடவில்லை. ஈயத்தை வெட்டியெடுத்தவன் பெயர் எதிலும் கிடையாது. அது எங்களுக்குப் பழகிய விஷயம். டீ பாக்கெட்டில் கொழுந்து பறித்தவள் பெயரா இருக்கிறது?

டயானா அம்மாளுக்கு வந்த ஈயப் பணத்தில் யார்க்ஷயரில் பிரெட்டன் மாளிகை பெரிதானது. இன்றைக்கு அந்தப் புல்வெளி சிற்பப் பூங்கா. ஹென்றி மூர் செய்த பெரிய பெரிய வெண்கல உருவங்களுக்கு நடுவில் ஆடு மேய்கிறது. அந்த ஈயச் சரக்கில் ஒரு பங்கு காவிரி முகத்துவாரத்தில் மீனுக்கு வீடாகிக் கிடக்கிறது.

சரி, இவ்வளவு ஈயம் எதற்குக் கிழக்கே வந்தது? முதலில் தோன்றுவது துப்பாக்கிக் குண்டு. அதில் நியாயம் உண்டு. அமெரிக்காவில் யார்க்டவுனில் சரணடைந்துவிட்டு வந்த கார்ன்வாலிஸ், 1790 முதல் 1792 வரை திப்புவோடு சண்டை போட்டுப் பழைய மானத்தை இந்தியாவில் மீட்டுக்கொண்டிருந்தார். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் 1793இல் பிரெஞ்சுக்காரனோடு சண்டை, புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். குண்டு வார்க்க ஈயம் எவ்வளவு வந்தாலும் போதாது. கப்பலுக்கும் ஈயம் பிடிக்கும். அடித்தட்டில் அடுக்கினால் ஆடாமல் ஓடும், விற்றால் காசு.

இரண்டாவது காரணத்துக்காகத்தான் கம்போங் ராஜாக்காரனாகிய நான் இதில் மூக்கை நுழைத்தேன். தேயிலை.

அந்தக் காலத்தில் தேயிலை என்றால் சீனா, சீனா என்றால் கேன்டன். 1784இல் பிரிட்டிஷ் அரசாங்கம் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து பன்னிரண்டரைக்கு இறக்கியது. வரி 119 ஆக இருந்தபோது பாதி இங்கிலாந்து கடத்தல் தேயிலைதான் குடித்தது. பாதிரியார்கள் உட்பட என்கிறார்கள். வரி இறங்கியதும் எல்லாரும் ஒரே நாளில் யோக்கியர்களாகி, கிழக்கிந்தியக் கம்பெனித் தேயிலையை அண்டா அண்டாவாகக் குடிக்க ஆரம்பித்தார்கள். கம்பெனிக்கு ஒரே தலைவலி. சீனாக்காரன் தேயிலைக்கு வெள்ளிக் காசு கேட்கிறான். வெள்ளிக்குப் பதிலாக ஆங்கிலேயன் கம்பளித் துணியை நீட்டினான். கேன்டன் வெயிலில் கம்பளி! நஷ்டத்துக்குத்தான் விற்றது. ஆனால் ஈயத்தைச் சீனாக்காரன் மறுக்கவில்லை, வாங்கிக்கொண்டான். எதற்கு?

தேயிலையைப் போல ரோஷக்காரச் சரக்கு கிடையாது. பக்கத்தில் மிளகு இருந்தால் மிளகு வாடை, தார் இருந்தால் தார் வாடை. ஈரம் பட்டால் செத்தது. ஆறு மாதக் கடல் பயணத்தில் அதைக் காப்பாற்ற ஒரே வழி, மரப்பெட்டிக்குள்ளே ஈயத் தகடு. கேன்டனில் காகிதம் ஒட்டிய இரண்டு ஓடுகளை வைத்துக்கொண்டு, உருக்கிய ஈயத்தை ஒன்றின் மேல் ஊற்றி மற்றதால் அமுக்குவார்கள். மெல்லிய தகடு வந்துவிடும். அதை ஒட்டிப் பெட்டிக்கு உள்சட்டை போட்டு, தேயிலையை அடைத்து, மூடிப் பற்றவைத்துவிடுவார்கள். நியூகாசில் மலை ஈயம் இப்படி உலகத்தைச் சுற்றி, தேயிலையைக் கட்டிக்கொண்டு லண்டனுக்கே திரும்பிப் போகும். உடம்புக்கு நல்லதா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ஈயத்துக்குப் பதில் அலுமினியத் தாள் வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

பூம்புகாரில் மூழ்கியது குண்டுக்கான ஈயமா, பெட்டிக்கான ஈயமா? இரண்டில் எதுவானாலும் அடிப்படை வியாபாரம் ஒன்றுதான், ஆனால் என் ஓட்டு பெட்டிக்கு. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனிடம் நடுநிலைமை எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியில் வர வேண்டிய கேள்வி, கப்பல் யாருடையது? அதற்குத்தான் பதில் இல்லை. சரக்குக்குப் பெயர் இருக்கிறது, கப்பலுக்கு இல்லை. ஈயத்தில் 1792 என்று இருப்பதால் கப்பல் 1792இல் மூழ்கியது என்று சொல்ல முடியாது. என் சட்டைப் பையில் 1990ஆம் வருஷத்து இருபது சென் காசு இருந்தால், நான் அந்த வருஷமே மேலே போய்விட்டேன் என்றா எழுதுவார்கள்? 1792க்கு முன்னால் மூழ்கவில்லை, அவ்வளவுதான் ஈயம் சொல்லும்.

கம்பெனிக் கப்பலாக இருந்தால் பெரும்பாலும் லண்டனில் ஒரு காகிதம் இருக்கும். நாய் குரைத்தால்கூட மூன்று பிரதி எழுதிய கம்பெனி அது. ஆனால் அந்தக் கரையைப் பாருங்கள். தெற்கே கூப்பிடு தூரத்தில் தரங்கம்பாடி, 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரன் கோட்டை. அடுத்து காரைக்கால், பிரெஞ்சுக்காரன். அதற்கடுத்து நாகப்பட்டினம், 1781 வரை டச்சுக்காரன், பிறகு ஆங்கிலேயன். ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணத்தில் மூன்று தேசத்து வரி கட்டலாம். கம்பெனியின் ஏகபோகத்துக்குப் பயந்த ஆங்கிலேய வியாபாரிகள் டேனிஷ் கொடியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். முதலாளி ஒரு தேசம், கொடி ஒரு தேசம், மாலுமி இன்னொரு தேசம். இப்படிப்பட்ட கப்பல் மூழ்கினால் யார் போய் ஒப்பாரி வைப்பது? வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எனக்குப் பிடித்த சந்தேகம் வேறொன்று. ஆதாரம் கேட்காதீர்கள், ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் மரைக்காயர்கள் சொந்தக் கப்பல் வைத்து அச்சே, கெடா, பினாங்கு வரை வியாபாரம் செய்த காலம் அது. பினாங்கில் பிரான்சிஸ் லைட் கொடி ஏற்றியது 1786இல். சென்னையில் ஏலத்தில் எடுத்த ஈயத்தை ஏற்றிக்கொண்டு ஒரு மரைக்காயர் கப்பல் கிளம்பியிருக்கக் கூடாதா? கப்பலில் மணி இருந்திருந்தால் தெரிந்திருக்கும். தமிழில் எழுதிய கப்பல் மணி ஒன்று உலகத்தில் இருக்கிறது. முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பல் மணி என்று அதில் வார்த்திருக்கிறது. அது கிடைத்தது நியூசிலாந்தில்! 1836 வாக்கில் பாதிரியார் வில்லியம் கொலன்சோ பார்த்தபோது மவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே மணி இருக்கிறது, கப்பலைக் காணோம். பூம்புகாரில் கப்பல் இருக்கிறது, மணியைக் காணோம். இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு தரகர் இல்லை.

பெயர் தெரியாத கப்பலுக்கு எங்கள் மலேசியாவும் குறைந்ததில்லை. கிழக்குக் கரையில் ஸ்டென் ஷோஸ்ட்ராண்ட் என்ற சுவீடன்காரர் வரிசையாகக் கண்டுபிடித்தார். துரியாங், லோங்சுவான், ராயல் நன்ஹாய், சுவாண்டே, வான்லி. அதெல்லாம் கப்பலின் சொந்தப் பெயர் இல்லை; பெரும்பாலும் உள்ளே கிடந்த தட்டு முட்டுகளைப் பார்த்து வைத்த பெயர்கள். எங்கள் பகாங் மாநிலத்தின் சொந்தக் கப்பல் அதற்கெல்லாம் மூத்தது. 1926இல் தெற்குப் பகாங்கில் பொந்தியான் ஆற்றுப் பக்கம் சேற்றில் ஒரு படகின் மிச்சம் வெளிப்பட்டது. பேராக் அருங்காட்சியகத்தின் ஐவர் எவன்ஸ் போய்ப் பார்த்து எழுதினார். ஓர் இரும்பு ஆணி கிடையாது. பலகையில் துளை போட்டு, மரமுளை அடித்து, பனைநாரால் தைத்திருந்தார்கள். பிற்காலத்தில் மரத்தைச் சோதித்ததில் மூன்று முதல் ஐந்தாம் நூற்றாண்டு என்று வந்தது. மணிமேகலை எழுதப்பட்ட காலத்துக்கு ரொம்ப தூரமில்லை. கம்பளச் செட்டியின் கப்பல்கூட இப்படித் தைத்ததாக இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறேன், யாரும் துரத்த வேண்டாம்.

மலாக்கா நீரிணையில் ஒன்றுக்குப் பெயர், தேதி, எல்லாம் சுத்தம். 1817 மார்ச்சில் கேன்டனிலிருந்து சென்னைக்குப் போகிற வழியில் மூழ்கிய கப்பல். பீங்கானும் தேயிலையும் ஏற்றியிருந்தது. பெயர் டயானா! ஈயச் சுரங்க அம்மாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கடல் சும்மா விளையாடுகிறது. 1993இல் டோரியன் பால் கண்டுபிடித்தார், 1995இல் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டீஸ் ஏலம் போட்டது. பெயர் தெரிந்த கப்பல் ஏலத்துக்குப் போகிறது, தெரியாதது ஆய்வுக் கட்டுரைக்குப் போகிறது. பீங்கானை அலமாரியில் வைக்கலாம். ஓர் ஆள் கனமுள்ள ஈயக் கட்டியை எந்தச் சீமாட்டி வரவேற்பறையில் வைப்பாள்?

கப்பலைத் தொலைத்ததற்காக வெள்ளைக்காரனை ரொம்பவும் கிண்டல் செய்யக் கூடாது. அவன் எங்கள் மலையையே தொலைத்தவன். 1885இல் வில்லியம் கேமரன் என்ற சர்வேயர் இந்தப் பீடபூமியைப் பார்த்தேன் என்று எழுதினார். மறு வருஷமே இறந்துவிட்டார். அவர் சொன்ன இடம் எது என்று பிறகு வந்தவர்கள் பல வருஷம் தேடினார்கள். 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் ஊர் உருப்பட ஆரம்பித்தது; 1929இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1967இல் தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் ஈஸ்டர் ஞாயிறன்று மத்தியானம் உலாவப் போய் இன்றுவரை திரும்பவில்லை. மலையும் ஆளும் தொலைகிற இடத்தில் இருந்துகொண்டு கடலைக் குறை சொல்வது அழகில்லை.

தோட்டம் வந்ததும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டுமே. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள் எங்கள் தாத்தாக்களும் பாட்டிகளும். அவர்கள் ஏறிய ரஜூலா 1926இல் கட்டிய கப்பல், கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடியது. டெக்கில் படுத்து, வாந்தியெடுத்து, பினாங்கில் இறங்குமுன் ஜெரஜாக் தீவில் மருந்தடித்து, பிறகு லோரியில் மலையேற்றம். சென்னையிலிருந்து நாகைக்கு வந்த கப்பல் ஒவ்வொன்றும் பூம்புகார்க் கடலைத் தாண்டித்தான் போனது. கீழே தேயிலைப் பெட்டிக்கான ஈயம் கிடக்க, மேலே தேயிலை பறிக்கப் போகிற ஆட்களை ஏற்றப் போகிற கப்பல். அந்தக் கப்பலுக்குப் பெயர் பளிச்சென்று இருந்தது. ஏறியவர்கள் பெயரைக் கிராணி எழுதிய அழகில், எங்கள் குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவருக்கு இரண்டு விதமான அப்பா.

2025ஆம் வருஷத் தமிழ்நாடு பட்ஜெட்டில் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் வரை மறுபடியும் கடலாய்வு என்று அறிவித்தார்கள். இந்தச் செய்தியோடு ஈயக் கதையையும் சேர்த்துப் பெரியப்பாவிடம் சொன்னேன். தேயிலை ஆலையில் பெட்டி அடைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பலகைப் பெட்டியும் உள்ளே வெள்ளித் தாளும் அவருக்கு அத்துப்படி. பேப்பர் படித்துக்கொண்டே கேட்டார். கண்ணகி, பனியுகம், பிளாக்கெட் எதற்கும் தலை நிமிரவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, மூழ்கின கப்பல்ல வேலை செஞ்சவனுங்க கொஞ்சம் பேரு பொழச்சிருப்பானுங்கள்ல?”

“பொழச்சிருக்கலாம் பெரியப்பா.”

“அவனுங்களுக்கு அதுவரைக்கும் செஞ்ச வேலைக்குச் சம்பளம் குடுத்தானா?”

நல்லவேளை, அது எனக்குத் தெரியும். இங்கிலீஷ் கடல் சட்டப்படி சரக்குப் போய்ச் சேர்ந்து கூலி வந்தால்தான் மாலுமிக்குச் சம்பளம். கப்பல் மூழ்கினால் கிடையாது, உயிரைக் கொடுத்து வேலை செய்திருந்தாலும் கிடையாது. 1854இல்தான் அதை மாற்றினார்கள் என்றேன்.

“சரக்கு போச்சுன்னா சம்பளமும் போச்சு?”

“ஆமா பெரியப்பா.”

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை மறுபடியும் விரித்தார்.

“அப்புறம் யாரு கப்பல்னு என்னடா ஆராய்ச்சி? எஸ்டேட்டு கப்பல்தான். எழுதிக் குடுத்துடச் சொல்லு.”